அமுதாவின் அலமாரியை உடைத்த நாள்

போன கார்த்திகையில் ஒரு காலை, அடுப்பில் குக்கரை ஏற்றிக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது. மோல்டு ரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ரேவதி. என்னை இரண்டு தடவைதான் பார்த்திருப்பாள். குரல் படபடத்தது.

“அம்மா, மணிமுத்தாத்துல தண்ணி ஜாஸ்தியா வருதாம். எதும்மா மொதல்ல மேல ஏத்தணும்?”

“அமுதாவோடத” என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என் அச்சுகளும் அதே அறையில்தான் இருக்கின்றன. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த அறையில் நின்றவள் நான். ஆனால் வாயில் முதலில் வந்தது அவள் பெயர். குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை அங்கேயே நின்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். வேலையை விட்டு வந்தும் அந்த எரிச்சல் என்னை விடவில்லை.

அன்று தண்ணீர் கம்பெனிக்குள் வரவில்லை. மறு வாரம் ரேவதி வீட்டுக்கே வந்து, “ஏம்மா அவங்களோடத சொன்னீங்க? உங்களோடதுந்தான இருக்குது?” என்று கேட்டாள். பெரிய சைஸ் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய். உண்மையை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுடையது பெரிய கம்பெனி இல்லை. ஆற்றங்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, சிமெண்ட் ஷீட் போட்ட நீள ஷெட். பதினான்கு பேர். பீங்கான் பொம்மைகள் செய்வோம். கொலு சமயத்தில் மூச்சு விட நேரம் இருக்காது. நான் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. முதல் இரண்டு வருஷம் சுரண்டல் வேலை. அச்சிலிருந்து வரும் பச்சைப் பொம்மையின் விளிம்பில் கோடு கோடாக நிற்கும் மண்ணைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலை. மூன்றாம் வருஷம் மோல்டு ரூமுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அங்கேயேதான்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பொம்மை பிறப்பது மண்ணில் இல்லை, அச்சில். முதலில் ஒருத்தர் களிமண்ணில் கையால் உருவம் செய்வார். அதன்மேல் பிளாஸ்டரை ஊற்றி, பாகம் பாகமாகப் பிரிகிற மாதிரி தாய் அச்சு எடுப்போம். அந்தத் தாய் அச்சிலிருந்துதான் தினப்படி வேலைக்கான அச்சுகள் வரும். தினப்படி அச்சு கொஞ்ச நாளில் தேய்ந்து மழுங்கிவிடும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். தாய் அச்சு போனால் அந்தப் பொம்மை போயிற்று. செய்தவரே மறுபடி உட்கார்ந்தாலும் அதே முகம் வராது.

பிளாஸ்டர் கலக்குவதில் அவசரமே ஆகாது. வாளியில் தண்ணீரை முதலில் வைத்து, மாவு சலிப்பது போல பிளாஸ்டரை மேலே தூவ வேண்டும். அது தானாகத் தண்ணீர் குடித்து அடங்கும்வரை கையை விடக்கூடாது. பிறகு கையை அடிவரைக்கும் இறக்கி, விரல்கள் மேலே வராமல் சுற்ற வேண்டும். மேலே வந்தால் காற்று புகும், காற்று புகுந்தால் பொம்மையின் கன்னத்தில் குழி விழும். ஊற்றிய பிறகு இறுக இறுகச் சூடாகும். அந்தச் சூடு ஏறி இறங்கும்வரை காத்திருந்து பிரித்தால் இரண்டு பாகமும் நகம் நுழையாமல் பொருந்தும். என் அச்சுகள் அப்படித்தான் பொருந்தின. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு.

மேனேஜர் ராயப்பன் சார் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. புது அச்சில் வந்த முதல் பொம்மையை அவர் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடியைக் கழற்றி வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு, பொம்மையின் பக்கவாட்டில் இரண்டு பாகமும் சேருகிற தையலின் மேல் கட்டை விரலை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுப்பார். நன்றாக இருந்தால் மேசையில் நிறுத்தி வைப்பார். இல்லையென்றால் படுக்க வைப்பார். அவ்வளவுதான். காரணம் சொல்ல மாட்டார். எங்கே தப்பு என்று நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். என் பொம்மைகள் படுத்தது நாலைந்து தடவைதான்.

அமுதா சேர்ந்தபோது எனக்கு நாற்பதை நெருங்கியிருந்தது. அவளுக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வேறொரு கம்பெனியில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவளை சார் கூட்டி வந்தார். “உருவம் நல்லா பிடிக்குறாங்க. தையல மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க கஸ்தூரி” என்றார்.

அவள் செய்த முதல் மூன்று பொம்மைகளும் சார் மேசையில் படுத்தன. தையல் அப்படி. ஒரு பாகத்துக்கும் இன்னொன்றுக்கும் நெல் மணி நுழையும் இடைவெளி. “பரவால்ல, வந்துடும்” என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் இனித்தது.

நான்காவது பொம்மைதான் பேன் பார்க்கிற அம்மா. வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, இரண்டு முழங்காலுக்கு நடுவில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு தலையில் பேன் பார்க்கிறாள். பிள்ளை தப்பித்து ஓடப் பார்க்கிறது. அம்மாவின் உதடு ஒரு பக்கம் கோணியிருக்கிறது, பேன் அகப்பட்டுவிட்ட மாதிரி. அதையும் மேசையில் வைத்தாள். சார் கண்ணை மூடி விரலை இழுத்தார். விரல் பாதியில் தடுக்கியது. எனக்குக்கூடத் தெரிந்தது. படுக்க வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் திறந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு இது?” என்றார்.

“எங்க அண்ணி சார்” என்றாள் அமுதா. “அவங்க இப்பிடித்தான் சார், வாயக் கோணிக்கிட்டே இருப்பாங்க.”

சார் சிரித்தார். பொம்மையை நிறுத்தி வைத்தார்.

அத்தனை வருஷத்தில் என் பொம்மை எதைப் பார்த்தும் யாரும் “யாரு இது” என்று கேட்டதில்லை. பிள்ளையாரைப் பார்த்து யார் கேட்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை மறைக்கப் போவதில்லை. காற்று பட்டுப் பழசான பிளாஸ்டர் மூட்டையை அவள் பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். அது சரியாக இறுகாது. அவள் பொம்மைக்குச் சுரண்டல் வேலை இரண்டு மடங்கு ஆகிறது என்று சுரண்டல் பெண்களிடம் சொல்லி அவர்களை முணுமுணுக்க வைத்திருக்கிறேன். சூளையைத் திறக்கும்போது அவளுடையது வெடித்திருந்தால், ஐயோ என்று முதலில் சொல்பவள் நான்தான். சென்னை வியாபாரிகள் வந்தால் என் மயில், என் யானை, என் பிள்ளையார் எல்லாவற்றையும் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். பேன் பார்க்கிற அம்மாவை எடுத்தால் கீழே வைக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார்கள். அதை நான் மோல்டு ரூம் ஜன்னல் வழியாக நின்று பார்ப்பேன்.

ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அவள் தாய் அச்சை எடுத்து அம்மாவின் முகத்துக்குள் களிமண்ணை அழுத்தி எடுத்தேன். அந்தக் கோணல் உதட்டை எப்படிக் கொண்டுவந்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கையில் முகத்தை வைத்துக்கொண்டு திரும்பினால் வாசலில் அமுதா. டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனவள், எடுக்க வந்திருக்கிறாள்.

என்னையும் என் கையையும் பார்த்தாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் சாரிடம் கேட்டு ஒரு பழைய இரும்பு அலமாரியை வாங்கித் தன் அச்சுகளை அதில் அடுக்கி, பெரிய பூட்டாகப் போட்டாள். சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். ஏன் என்று சார் கேட்டாரா, அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அதிலிருந்து எங்களுக்குள் “அக்கா, வாளி” “அமுதா, சோப்புத் தண்ணி” என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

இதெல்லாம் நடந்து ஆறு மாதத்துக்குள்தான் அந்த மழை.

இரண்டு நாளாக விடவில்லை. புயல் கடலூர்ப் பக்கம் கரையேறும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், பிறகு கரண்ட் போய் டிவியும் போயிற்று. மூன்றாம் நாள் காலை, கம்பெனிக்கு லீவு. என் வீட்டுக்காரர் திட்டக்குடிக்கு வேலைக்குப் போனவர் வர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். எட்டு மணி இருக்கும், சார் போன் செய்தார்.

“கஸ்தூரி, நான் திட்டக்குடிப் பக்கம் மங்களூர்ல மாட்டிக்கிட்டேன். சொந்தக்காரங்க வூட்டு விசேஷத்துக்கு வந்தேன், பஸ்ஸு ஓடல. ஆறு ஒடையப் போவுதுன்றாங்க. நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. போயி மெயின எறக்குங்க, கேஸ் வால்வ மூடுங்க. அப்புறம் மோல்டு ரூம்ல...”

அதோடு லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. மோல்டு ரூமில் என்ன என்று அவர் சொல்லி முடிக்கவில்லை.

எங்கள் வீடு ஸ்டேஷன் பக்கம் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து இறங்க இறங்கத் தண்ணீர். கம்பெனித் தெருவில் கணுக்காலுக்கு மேல் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஜனங்கள் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். “எங்கம்மா கீழ போறீங்க?” என்று ஒருவர் திட்டினார். வாட்ச்மேன் கோவிந்தன் கேட்டைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டைப் பார்க்கப் போயிருந்தார். என்னிடம் ஒரு சாவி இருந்தது.

மெயின் சுவிட்ச் கேட்டுக்குப் பக்கத்தில் உயரத்தில் இருந்தது. முதலில் அதை இறக்கினேன். அதை இறக்காமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. பிறகு கேஸ் வால்வு. காயவைக்கும் அறையைத் தாண்டித்தான் மோல்டு ரூமுக்குப் போக வேண்டும். அங்கே பலகைகளில் வரிசையாகப் பச்சைப் பொம்மைகள், சூளைக்குப் போகக் காத்திருந்தவை. கீழ்ப் பலகையைத் தண்ணீர் தொட்டிருந்தது. காய்ந்த மண் தண்ணீரைக் கண்டால் ஒரு சத்தம் போடும், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. அறை முழுக்க அந்தச் சத்தம். என் கண் முன்னால் ஒரு வரிசைப் பிள்ளையார்கள் முதலில் கால் மடங்கி, பிறகு வயிறு சரிந்து, தண்ணீரில் சேறாக உட்கார்ந்தார்கள். அவற்றைக் காப்பாற்ற வழி இல்லை. தாண்டிப் போனேன்.

மோல்டு ரூமில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். இடது பக்கம் என் மர ராக்கு. வலது பக்கம் அமுதாவின் இரும்பு அலமாரி. நடுவில் வேலை மேசை. களிமண் கூழ் கரைப்பதற்காக நீளவாக்கில் பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்று மூலையில் மிதக்க ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்ததும் யோசனை வந்தது. தூக்க முடியாத கனத்தைத் தண்ணீரிலேயே தள்ளிக்கொண்டு போய்விடலாம். ஆனால் ஒரே ஒரு நடைதான். திரும்பி வர முடியும் என்று தோன்றவில்லை.

என் அச்சுகளை அடுக்க ஆரம்பித்தேன். பிள்ளையார் நான்கு பாகம். மயில் ஐந்து. யானை, விளக்கேந்திய பெண், கிருஷ்ணன். ஒன்றன் மேல் ஒன்று உரசாமல் இடையில் சாக்குத் துணி கொடுத்து அடுக்கினேன். அலமாரி பக்கம் திரும்பவே இல்லை. பூட்டியிருக்கிறது, சாவி அவள் கழுத்தில், நான் என்ன செய்ய முடியும் என்று மனதுக்குள் பதில் தயாராக இருந்தது. யார் கேட்டாலும் சொல்லலாம். சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

டிரம்மைத் தள்ளிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். தண்ணீர் தொடைக்கு ஏறியிருந்தது.

அங்கே நின்றேன். ஏன் நின்றேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். தண்ணீர் வடிந்த பிறகு சார் வந்து பார்ப்பார். எல்லாம் போய், டிரம்மில் இருக்கிற இவை மட்டும் மிஞ்சியிருக்கும். அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிள்ளையாரும் மயிலும் இந்த ஊரில் எல்லாக் கம்பெனியிலும் செய்கிறார்கள். இவற்றுக்காக யாரும் எங்கள் கேட்டைத் தேடி வந்ததில்லை. வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஜன்னலில் நின்று ஒவ்வொரு தடவையும் பார்த்தவள் நான்தானே. அவளுடையது எவ்வளவு நல்லது என்று அந்தக் கம்பெனியில் என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. வயிறு எரிந்து எரிந்து மனப்பாடம் ஆகியிருந்தது.

இதை யாரும் தியாகம் என்று நினைத்துவிட வேண்டாம். நான் அவளை வாய்விட்டுத் திட்டினேன். எழுத முடியாத வார்த்தைகள். திட்டிக்கொண்டே திரும்பி வந்து, பழைய பிளாஸ்டர் உடைக்கிற சுத்தியலை எடுத்து அந்தப் பூட்டை அடித்தேன். மூன்றாவது அடியில் கொண்டி தெறித்தது.

அலமாரியின் கீழ்த் தட்டில் ஏற்கெனவே தண்ணீர். நல்லவேளை, அங்கே கருவிகள்தான் இருந்தன. என் அச்சுகளை ஒவ்வொன்றாக டிரம்மிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தேன். அடுக்கும்போது அவசரத்தில் தெரியாத கனம், எடுக்கும்போது தெரிந்தது. மேசை உயரம்தான், தப்பினாலும் தப்பும் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு அவளுடையவற்றை ஏற்றினேன். பதினெட்டு பாகம். அவற்றுக்குச் சாக்குத் துணி போதவில்லை, என் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தேன்.

தெருவில் இறங்கியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. நேர் தெருவில் டிரம் சொன்னபடி கேட்டது. முனையில் ஆற்றுப் பக்கமாகக் குறுக்கே ஒரு இழுப்பு. டிரம் பக்கவாட்டில் சுழன்று என்னையும் இழுத்தது. டீக்கடைக் கூரையைத் தாங்குகிற இரும்புக் கால் கைக்குக் கிடைத்தது. ஒரு கையில் அது, இன்னொரு கையில் டிரம்மின் கயிறு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. காலடியில் கண்ணாடியோ தகரமோ கிழித்தது. கயிற்றை விட்டுவிட்டால் போதும், நான் நடந்து போய்விடலாம். விட்டாலும் யாருக்குமே தெரியாது. அதுவும் மனதில் ஓடியது. எதிரே வாட்ச்மேன் கோவிந்தன் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போனவர், “கஸ்தூரிம்மா, என்னாத்த தள்ளிக்கிட்டு வரீங்க? வுட்டுட்டு வாங்க!” என்று கத்தினார். இழுப்பு கொஞ்சம் தளர்ந்த சமயம் பார்த்துத் தள்ளினேன். உள்ளே ஏதோ ஒன்று மற்றொன்றில் மோதுகிற சத்தம் கேட்டது.

வீட்டில் கட்டிலின் மேல் என் புடவைகளை விரித்து அச்சுகளைப் பரப்பினேன். ஈரப் பிளாஸ்டரை அடுப்புப் பக்கம் வைத்தால் மாவாகிவிடும், நிழலில்தான் ஆற வேண்டும். மறுநாள் என் வீட்டுக்காரர் எப்படியோ வந்து சேர்ந்து, “கல்லுக்குக் கட்டிலு, எனக்குத் தரையா?” என்று கேட்டுவிட்டுப் பாயை விரித்தார். எனக்குக் கால் வீங்கிக் காய்ச்சல். போனில் சார்ஜும் இல்லை, டவரும் இல்லை. யாருக்கும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நான்காம் நாள் தண்ணீர் வடிந்தது. காலை ஊன்றி ஊன்றிக் கம்பெனிக்குப் போனபோது பத்து மணி இருக்கும். எல்லோரும் முற்றத்துச் சேற்றில் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அமுதாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. அவள் காலையிலேயே வந்து, கொண்டி உடைந்து அலமாரி காலியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். கோவிந்தன் தான் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்.

“என்னோடது எங்கக்கா?” என்றாள்.

“வூட்டுல இருக்குது.”

“பாத்தீங்களா சார்?” என்று சார் பக்கம் திரும்பினாள். “நான் சொன்னேன்ல. அன்னிக்கே எம் மோல்டுல மண்ண வச்சு எடுத்துக்கிட்டிருந்தாங்க. எங் கண்ணால பாத்தேன். வெள்ளத்த சாக்கா வச்சுப் பூட்ட ஒடச்சுத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வேற கம்பெனிக்குக் காப்பி எடுத்துக் குடுக்கத்தான் சார்.”

சுரண்டல் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் இத்தனை நாள் அவளுக்கு எதிராகப் பேசி வைத்திருந்தவர்கள். என் பேச்சே இப்போது எனக்கு எதிராக நின்றது. அவள் சொன்னதில் பாதி உண்மையும்கூட.

சார் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். என்னையும் ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்காரச் சொன்னார், காலைப் பார்த்து. அவர் ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார். கேட்டுவிட்டு எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார்.

“மண்ண வச்சு எடுத்தது உண்மையா?”

“உண்மைதான் சார்.”

“எதுக்கு?”

“எப்பிடி செஞ்சிருக்கான்னு பாக்க. பாத்துட்டு நசுக்கிப் போட்டுட்டேன்.”

“வெள்ளத்தன்னிக்கு உங்க மோல்டு எதாச்சும் எடுத்தீங்களா?”

“இல்ல சார். மேச மேல வச்சேன்.”

சார் எழுந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நானும் பின்னால் போனேன். மேசை மிதந்து தலைகீழாகக் கவிழ்ந்து சுவரோரம் கிடந்தது. என் அச்சுகள் சேற்றுக்குள். பிள்ளையாரின் முகபாகத்தை எடுத்தேன். தும்பிக்கை இருக்கும் இடம் ஊறிய சோப்பு மாதிரி விரலோடு வந்தது. பிளாஸ்டர் மூட்டைகள் மூட்டை வடிவத்திலேயே கல்லாக இறுகி நின்றன. சார் திரும்பி வந்து மறுபடி வாளியில் உட்கார்ந்தார்.

“உங்களோடத வுட்டுட்டு அவங்களோடத ஏன் எடுத்தீங்க?”

இதற்குத்தான் பயந்தேன். நீங்கள் போனில் சொன்னீர்கள் என்று பொய் சொல்லலாம், அவர் சொல்லவில்லை என்று அவருக்கே தெரியும். எது கைக்கு வந்ததோ எடுத்தேன் என்று சொல்லலாம், பூட்டை உடைத்து எடுத்தது எப்படிக் கைக்கு வந்ததாகும்? பதில் ஒன்றுதான் இருந்தது. பதினான்கு பேர் முன்னால், அதுவும் அவள் முன்னால் அதைச் சொல்வதைவிட அந்த முனையில் கயிற்றை விட்டிருக்கலாம் என்று தோன்றியது. சார் காத்திருந்தார்.

“அவளுது நல்லாருக்குது சார்” என்றேன். “என்னோடதவிட.”

எனக்கு அழுகை வந்தது. காய்ச்சலால் என்று நினைத்திருப்பார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, “அமுதா, போயி எடுத்துட்டு வந்துடுங்க. ஆட்டோ சொல்றேன்” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஆட்டோவில் அவளும் நானும் வந்தோம். கட்டிலில் பரப்பியிருந்ததைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள், பதினெட்டும் இருந்தன. பேன் பார்க்கிற அம்மாவின் முகபாகத்தைத் திருப்பிப் பார்த்து, “மோவாயில பேந்திருக்குது” என்றாள். குற்றம் சொல்கிற குரல்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டுவந்திருக்கிறேன், மோவாயாம்.

“டீக்கட முனையில இழுத்துடுச்சு” என்றேன்.

கொஞ்ச நேரம் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தாள். “உங்க புள்ளையாரு?”

“சேறாப் போச்சு.”

என் புடவைகளை மடித்துக் கட்டில் மேல் வைத்தாள். கிழிந்த முந்தானையைத் தனியாக எடுத்துப் பார்த்தாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் எரிந்திருக்கும்.

கம்பெனி மறுபடி ஓடியது அவள் பொம்மைகளால்தான். என் பிள்ளையாரை மறுபடி செய்தேன். சார் விரலை இழுத்து நிறுத்தி வைத்தார், கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் உருவம் செய்கிற பொறுப்பு முழுவதும் அமுதாவுக்கு, அச்சு எடுக்கிற பொறுப்பு முழுவதும் எனக்கு என்று பிரித்தார். அவள் முகம், என் தையல். விற்பனை கூடியது. வியாபாரிகள் அவளைத்தான் கேட்டு வந்தார்கள். ஒன்பது வருஷம் அப்படியே வேலை செய்து ஓய்வு பெற்றேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். போகவில்லை. அவள் ஈரத்துணியை விலக்கிப் புது உருவத்தைக் காட்டும் ஒவ்வொரு தடவையும் முதலில் குறையைத்தான் தேடுவேன்.

ஆனால் அவள் என்னிடம்தான் முதலில் காட்டுவாள். சாரிடம் போவதற்கு முன்னால். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

“மத்தவங்க எல்லாம் நல்லாருக்குது நல்லாருக்குதுன்னுதான்க்கா சொல்றாங்க” என்றாள். “நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டீங்க. ஆனா சிலதப் பாத்தா உங்க மூஞ்சி சுருங்கும். அது சுருங்குனா அந்தப் பொம்ம கடையில ஓடும். இது வரைக்கும் தப்புனதே இல்ல.”

நான் சிரிக்கவில்லை. அவளும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அமுதா ஒரு கட்டைப்பையோடு வந்தாள். அவளுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. மேசையில் என் தட்டை நகர்த்திவிட்டு, பையிலிருந்து எடுத்து வைத்து ஈரத்துணியைப் பிரித்தாள். ஒரு பெண் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கை கண்டக்டரைப் பார்த்து நீண்டிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். இப்படி ஒற்றைக் காலில் நிற்கிற பொம்மை சூளையில் சரிந்துவிடும், அதனால்தான் நாங்கள் யாரும் ஓடுகிற உருவம் செய்வதில்லை. இது எப்படி நிற்கும் என்று பின்பக்கம் திருப்பினேன். முந்தானை நழுவித் தரையில் புரள்கிறது. பொம்மையின் கனத்தில் பாதியை அந்த முந்தானைமேல் இறக்கியிருந்தாள். ஓடுகிற அவசரத்தில் அந்தப் பெண் அதைக் கவனிக்கவே இல்லை என்றும் தெரிந்தது.

தையல் எங்கே விழும், எத்தனை பாகம் வரும் என்று பார்த்தேன். குறை ஏதாவது கிடைக்குமா என்றும் பார்த்தேன். தலையை நிமிர்த்தினால், அமுதா பொம்மையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும்க்கா” என்று ஈரத்துணியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

“டீ போடறேன், இரு.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வரேன்.”

அவள் போன பிறகு பீன்ஸ் அப்படியே கிடந்தது. வெகுநேரம் அந்த முந்தானையையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா?